வரப்பே இல்லாத வயல்கள், அவற்றுக்கென்று ஒரு நீதிமன்றம்: இங்கிலாந்தின் லாக்ஸ்டன் கிராமம்

#1 ஏடும்ஏரும்

இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றி இந்தக் குழுவில் எழுதும்போதெல்லாம் பழைய தேவாலயம், வைக்கோல் கூரை வீடு, கோட்டை என்று கட்டடங்களோடு நின்றுவிடுகிறோம். நிலத்தைப் பங்கிட்டு உழும் முறையையே மரபாகக் காத்துவரும் ஒரு கிராமம் அங்கே இருக்கிறது. நாட்டிங்காம்ஷயரில், ஆலர்டன் என்ற சிறுநகருக்குக் கிழக்கே உள்ள லாக்ஸ்டன். அதற்காகவே இந்த இழை.

ஊரைச் சுற்றி மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என மூன்று பெரிய வயல்வெளிகள். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 480 ஏக்கர். அவற்றுக்குள் வேலி கிடையாது. ஒவ்வொரு வயலும் நீள நீளமான பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு விவசாயியின் பட்டைகள் ஒரே இடத்தில் இருக்காது; மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, ஓட்ஸ், அவரை வகைகள், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு ஒரு படி நகரும். கோதுமை வயலில் பட்டை வைத்திருப்பவர் எல்லாரும் கோதுமைதான் போடவேண்டும். எனக்கு இந்த ஆண்டு பார்லி வேண்டும் என்று தனியாக ஒருவர் முடிவெடுக்க முடியாது.

இடைக்கால இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் இப்படித்தான் விவசாயம் நடந்தது. பொது வயல்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து வேலி போடவைத்த வேலியடைப்புச் சட்டங்கள் பிற்பாடு வந்து அதைத் துடைத்துவிட்டன. டெவனில் பிராண்டன் பெருவயல், லிங்கன்ஷயரில் ஆக்ஸம் தீவு என்று சில இடங்களில் பட்டைகள் மட்டும் மிச்சம். லாக்ஸ்டனில்தான் பட்டைகளும் இருக்கின்றன, அவற்றை மேற்பார்க்கும் ஊர்மன்றமும் இருக்கிறது.

என்னை இந்த ஊர்ப் பக்கம் இழுத்தது இதுதான்: பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவில் வரப்பு இல்லை. ஓர் உழவுச்சால்தான் எல்லை. அடுத்த உழவில் அதுவும் அழிந்துவிடும். அப்படியானால் எல்லையை ஆண்டுதோறும் ஊர் கூடித்தான் மறுபடி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வேலையை நவம்பர் கடைசியில் ஒரு ஜூரி செய்கிறது. லாக்ஸ்டனின் பாரம்பரியம் நிலத்தைவிட அந்த ஒப்புதலில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். உங்கள் கருத்து என்ன?

#2 கழனிவாசன்

வரப்பு இல்லாமல் விவசாயமா? எங்கள் பக்கம் வரப்பு இருந்தே ஆண்டுக்கு நாலு பஞ்சாயத்து. மண்வெட்டியால் ஒரு கொத்து சரித்தாலே போலீஸ் ஸ்டேஷன் வரை போகும்.

ஒன்று சொல்லுங்கள் ஐயா. ஒரு ஆளுக்குப் பதினைந்து ஏக்கர் என்றால் அதை ஒரே துண்டாகக் கொடுத்துவிட்டால் போயிற்றே. ஏன் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறடித்தார்கள்? ஏர் மாட்டை ஓட்டிக்கொண்டு நடக்கிற நேரமே பாதி நாளைத் தின்றுவிடுமே.

#3 பொன்னி

கழனிவாசன் அண்ணா கேட்ட கேள்விக்குப் பொருளியலில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த இரண்டு விளக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது சார்லஸ் ஆர்வினுடையது. ஆக்ஸ்ஃபோர்டில் வேளாண் பொருளியல் ஆய்வு நிறுவனத்தை நடத்தியவர். தம் மனைவி கிறிஸ்டபெல்லோடு சேர்ந்து லாக்ஸ்டனை ஆராய்ந்து 1938-இல் வெளியிட்டார். அவர்கள் கலப்பையிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தக் கனமான கலப்பையை இழுக்கப் பல மாடுகள் வேண்டும். தனி ஒருவரிடம் அத்தனை மாடுகள் இருக்காது. பலர் சேர்ந்து ஏர் பூட்டினார்கள். ஒரு நாளில் உழுது முடித்த அளவு ஒருவருக்கு, மறுநாள் உழுதது அடுத்தவருக்கு என்று காட்டைத் திருத்திக்கொண்டே போனதில் பட்டைகள் தாமாகவே சிதறிவிட்டன என்பது அவர்கள் வாதம்.

இரண்டாவது டெய்ட்ரே மெக்ளாஸ்கி 1970-களில் முன்வைத்தது. சிதறல் ஒரு காப்பீடு. மழை மிகுந்த ஆண்டில் பள்ளத்துப் பட்டை அழுகும், மேட்டுப் பட்டை பிழைக்கும்; வறட்சியில் இது தலைகீழாகும். எல்லா வகை மண்ணிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பவன் நல்ல ஆண்டில் சற்றுக் குறைவாக அறுப்பான், கெட்ட ஆண்டில் பட்டினி கிடக்க மாட்டான். நடக்கிற நேரம் அந்தக் காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம்.

எனக்கு இரண்டாவதுதான் வலுவாகத் தெரிகிறது. பட்டைகள் எப்படி உருவாயின என்பதை ஆர்வின் சொல்கிறார். அவை ஏன் பல நூறு ஆண்டுகள் அப்படியே நீடித்தன என்பதற்கு மெக்ளாஸ்கியிடம் போகவேண்டியிருக்கிறது.

#4 கழனிவாசன்

பொன்னி, நீ சொன்ன காப்பீடு எனக்கு உடனே பிடிபட்டது. மேட்டுக்கொல்லையும் பள்ளக்காலும் இரண்டும் வைத்திருந்தவர்தான் எங்கள் ஊரிலும் தாக்குப்பிடித்தார்.

லாக்ஸ்டன் மண் என்ன மண்?

#5 ஏடும்ஏரும்

சிவப்புக் களிமண். மழை பெய்தால் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் பாறை. வடிகால்தான் முதல் கவலை. அதனால் பழைய காலத்தில் பட்டையை உழும்போது மண்ணை நடுவை நோக்கியே புரட்டிப் போட்டு, ஆண்டாண்டாக நடுமுதுகு உயரச் செய்தார்கள். தண்ணீர் இரண்டு பக்கத்துச் சால்களிலும் இறங்கி ஓடும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பல மேய்ச்சல் நிலங்களில் மாலை வெயில் சாய்வாக விழும்போது அலை அலையாகத் தெரியும் மேடுபள்ளங்கள் இப்படி உண்டானவைதான். வேலியடைத்துப் புல்வெளியாக்கிய பிறகு யாரும் உழாததால் இடைக்கால உழவு அப்படியே உறைந்து நிற்கிறது.

அந்தப் பட்டைகள் நேர்கோடாகவும் இருக்காது. மாட்டுப் பூட்டு நீளமானது. அதைத் திருப்ப இடம் வேண்டும் என்பதால் கோடி வருவதற்கு முன்பே உழவன் வளைக்கத் தொடங்குவான். இரண்டு முனைகளிலும் அப்படி வளைந்து வளைந்து பட்டை மெல்லிய நெளிவாக ஆகிவிட்டது. பழைய பட்டையின் வழக்கமான நீளம் ஒரு பர்லாங், அதாவது 220 கெஜம். 22 கெஜ அகலம் சேர்ந்தால் சரியாக ஓர் ஏக்கர்.

#6 மேகலை_யூகே

இந்த இழையைப் பார்த்ததும் மகிழ்ச்சி. நான் இருப்பது நாட்டிங்காம்ஷயரில்தான். லாக்ஸ்டனுக்கு நண்பர்களை அழைத்துப் போவது எனக்குப் பிடித்த வேலை.

முதன்முறை போகிறவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள், ஏனென்றால் வழக்கமான சுற்றுலாக் கிராமம்போல அழகுபடுத்தி வைத்த எதுவும் இல்லை. தெருவில் நடந்தால் செங்கல் பண்ணை வீடுகள் வரிசையாக நிற்கும், பல வீடுகள் தெருவுக்குப் பக்கச்சுவரைக் காட்டிக்கொண்டு. கொட்டகை, களம், பின்னால் நீளமான கொல்லை எல்லாம் ஊருக்குள்ளேயே. இங்கிலாந்தில் வேறு இடங்களில் பண்ணை வீடு ஊருக்கு வெளியே தன் நிலத்தின் நடுவில் தனியாக இருக்கும். வேலியடைப்பு வந்து நிலம் ஒரே துண்டான பிறகு வீடும் அங்கே போய்விட்டது. இங்கே நிலம் மூன்று திசையிலும் சிதறிக் கிடப்பதால் எல்லாருக்கும் ஊர் நடுதான் வசதி. தெருவைப் பார்த்தே வயல் முறையைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஊர் எல்லை தாண்டினதும் வேலிச்செடிகள் சட்டென்று நின்றுபோகும். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்த கண்ணுக்கு அது பெரிய அதிர்ச்சி. வானம் திடீரென்று அகலமாகிவிடும்.

அப்புறம், 'சைக்' என்று அங்கே சொல்லும் புல் நிலங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. வயலுக்கு நடுவே பள்ளமாக, ஈரமாக, ஏர் போகமுடியாத இடங்கள். அவற்றை உழாமல் புல்லாகவே விட்டிருக்கிறார்கள். ஜூன் மாதம் பூ பூத்துக் கிடக்கும். உரமும் களைக்கொல்லியும் அதிகம் படாத பழைய புல்வெளி என்பதால் அரசு அவற்றைச் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அறிவித்துப் பாதுகாக்கிறது. அந்தப் புல்லை அறுக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். பணம் பொது உரிமை உள்ள வீட்டுக்காரர்களுக்குப் போகும்.

#7 பழையஏடு

எல்லாரும் உற்சாகமாக இருக்கிறீர்கள். நான் எதிர்க்கட்சியாகப் பேசவேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

லாக்ஸ்டனை இடைக்காலக் கிராமம் என்று சொல்வது சரியா? முன்பு நான்கு வயல்கள் இருந்தன. கிழக்கு வயல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலியடைக்கப்பட்டது. அதே காலத்தில் மற்ற வயல்களிலும் சின்னப் பட்டைகளைச் சேர்த்துப் பெரிய பட்டைகளாக்கினார்கள். 1635-இல் வரைந்த வரைபடத்தில் இருக்கும் பட்டைகளின் எண்ணிக்கையில் இன்று மிகச் சிறு பகுதிதான் உண்டு. அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகள் எல்லாம் தாளில் மேயும் பழக்கமும் போய்விட்டது. உழுவது டிராக்டர், அறுப்பது கம்பைன். பல விவசாயிகளுக்கு இந்த வயல்களுக்கு வெளியே வேலி போட்ட நிலமும் இருக்கிறது. வருமானத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான்.

மீதி இருப்பது நிலவுடைமையாளர் தயவில் ஓடும் ஒரு காட்சிப்பொருள் என்று ஒருவர் சொன்னால் எப்படி மறுப்பீர்கள்?

#8 ஏடும்ஏரும்

பழையஏடு ஐயா, நீங்கள் தந்த தகவல்களில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. முடிவைத்தான் மறுக்கிறேன்.

அந்த 1635 வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்தது, இன்று ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகக் காட்டுகிறது; கூடவே யார் எதை வைத்திருந்தார் என்ற விரிவான பதிவேடும் உண்டு. உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லாரையும் குட்டிக் குட்டிப் படமாக வயலிலேயே வரைந்திருக்கிறார். அந்த வரைபடத்தை அதற்கு ஒரு தலைமுறைக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட முடிந்தால் அங்கும் மாற்றங்கள் இருந்திருக்கும். பட்டைகள் எப்போதும் கைமாறின, சேர்ந்தன, பிரிந்தன. 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோனபோது எத்தனை பட்டைகள் ஆளில்லாமல் கிடந்து அடுத்தவர் கைக்குப் போயிருக்கும்!

மாறாமல் வந்தது முறை. மூன்று வயல் சுழற்சி, எல்லாரும் ஒரே வயலில் ஒரே பருவப் பயிர், எல்லையை ஊரார் பார்த்து உறுதிசெய்வது, மீறினால் அபராதம். மாட்டுக்குப் பதில் டிராக்டர் வந்தும் இந்த நான்கும் நிற்கின்றன. சொல்லப்போனால் டிராக்டர் வந்த பிறகுதான் ஜூரியின் வேலை கடினமாகியிருக்கும். ஒரு பெரிய கலப்பை ஒரே இழுப்பில் பக்கத்துப் பட்டையையோ பாதையையோ எவ்வளவு தின்றுவிடும் என்று கழனிவாசனுக்குத் தெரியும்.

#9 கழனிவாசன்

தெரியும், தெரியும். பொதுப்பாதையை உழுது உழுது ஒற்றையடியாக்கியவர்கள் எங்கள் பக்கமும் உண்டு.

அந்த ஜூரி என்னதான் செய்கிறது, முழுசாக யாராவது சொல்லுங்கள்.

#10 கறுப்புக்கோட்டு

சட்டம் படித்தவன் என்பதால் இதை நான் எழுதுகிறேன்.

அந்த மன்றத்தின் பெயர் கோர்ட் லீட். இடைக்காலத்தில் இங்கிலாந்தின் பல நிலப்பிரபுத்துவ எல்லைகளில் இப்படி ஒன்று இருந்தது: சின்னச் சின்னக் குற்றம், வாய்க்கால் அடைப்பு, எடைக்குறைவு, மேய்ச்சல் தகராறு எல்லாம் அங்கே தீர்ந்தன. காலப்போக்கில் மாஜிஸ்திரேட்டுகளும் கவுண்டி நீதிமன்றங்களும் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் சட்ட அதிகாரத்தை முடித்துவைத்தது. சடங்கு வேலைகளை மட்டும் தொடரலாம் என்று சிலவற்றுக்கு அனுமதி. லாக்ஸ்டனுக்கு விலக்கு கொடுத்தார்கள், ஏனென்றால் அங்கே மன்றத்துக்குச் செய்யவேண்டிய உண்மையான வேலை இருந்தது.

நடைமுறை இப்படி: நவம்பர் கடைசியில் ஜூரி நாள். ஒரு தலைவரோடு விவசாயிகள் அடங்கிய ஜூரி, டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறிப் புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்குப் போகும். பட்டைகளின் முனைகளில் எல்லையைப் பார்த்துச் சரிசெய்து மரமுளை அடிப்பார்கள். யாராவது பாதைக்குள்ளோ சைக் புல்லுக்குள்ளோ உழுதிருந்தால், வடிகால் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருந்தால், குறித்துக்கொள்வார்கள். அப்புறம் ஊரின் மதுவிடுதியான டவ்கோட்டில் சாப்பாடு, அங்கேயே அபராதப் பட்டியல். ஒரு வாரம் கழித்து அதே விடுதியில் மன்றம் கூடும். நிலவுடைமையாளர் சார்பில் ஸ்டீவர்டு என்ற அதிகாரி நடத்துவார். அவர் வழக்கறிஞராக இருப்பார். அபராதங்களை உறுதிசெய்வது, அடுத்த ஆண்டு ஜூரிக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைப்பது எல்லாம் அன்றே முடியும்.

அபராதத் தொகை சொற்பம். ஆனால் அதைப் பார்த்து இது விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. குற்றம் சாட்டுவது பக்கத்துப் பட்டைக்காரர். அடுத்த ஆண்டு ஜூரியில் நீங்கள் இருப்பீர்கள், முளை அடிக்க அவர் பட்டைக்கு நீங்கள் போவீர்கள். நான் தினமும் பார்க்கும் சிவில் வழக்குகளில் எல்லைத் தகராறு பத்து வருடம், இருபது வருடம் இழுக்கிறது. கமிஷனர் வந்து அளப்பார், ஆட்சேபணை போடுவார்கள், மறுபடி அளப்பார். ஒவ்வோர் ஆண்டும் கண்ணெதிரில் தீர்த்துவிடும் வழக்கத்தின் அருமை அதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

#11 பொன்னி

கறுப்புக்கோட்டு ஐயா எழுதியதைப் படித்ததும் எலினோர் ஆஸ்ட்ரம் நினைவு வந்தது. பொதுவளத்தை ஆளுக்கு ஆள் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968-இல் எழுதினார். அப்படி அழியாமல் காத்த ஊர்களை உலகம் முழுக்கத் தேடிப்போய்ப் படித்தவர் ஆஸ்ட்ரம்; 2009-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஊர்களில் அவர் கண்ட பொதுத்தன்மைகளில் மூன்று இங்கே அப்படியே பொருந்துகின்றன: கண்காணிப்பவர்கள் பயன்படுத்துகிறவர்களே, தண்டனை சின்னதாகத் தொடங்குகிறது, தகராறைத் தீர்க்க மலிவான உள்ளூர் மன்றம் இருக்கிறது.

ஆனால் இது இவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தால் மற்ற கிராமங்கள் ஏன் கைவிட்டன? ஆர்தர் யங் போன்ற 18-ஆம் நூற்றாண்டு வேளாண் எழுத்தாளர்கள் திறந்த வயலைக் கடுமையாகத் திட்டினார்கள்: புது முறைக்கு இடமில்லை, முன்னேற நினைப்பவனைச் சோம்பேறி இழுத்துப் பிடிக்கிறான் என்று.

#12 ஏடும்ஏரும்

கைவிட்டார்கள் என்பதைவிடக் கைவிடச் செய்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, பொன்னி.

1604-க்கும் 1914-க்கும் இடையில் 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. சுமார் 68 லட்சம் ஏக்கர். ஊரில் தலைக்கு ஒரு வாக்கு என்று கேட்கவில்லை. நிலத்தின் மதிப்பில் முக்கால் பங்கோ ஐந்தில் நான்கு பங்கோ வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். பல ஊர்களில் அது இரண்டு மூன்று பேர்தான். கமிஷனர்கள் வந்து நிலத்தை மறுபடி பிரித்துக் கொடுப்பார்கள். அளவைச் செலவு, வக்கீல் செலவு, வேலி நடும் செலவு எல்லாம் பங்குதாரர் தலையில். சின்ன உடைமைக்காரர் பலர் அந்தச் செலவைத் தாங்காமல் கிடைத்த துண்டை விற்றார்கள். ஒரு பசுவை மேய்க்கும் வழக்கத்தை மட்டுமே நம்பி இருந்த குடிசைவாசிக்குச் சட்டப்படி நிரூபிக்கக்கூடிய உரிமை இல்லை என்றால் ஒன்றும் கிடைக்காது.

விளைச்சல் விஷயத்துக்கு வருகிறேன். ராபர்ட் ஆலன் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் தென் நடுப்பகுதிக் கிராமங்களை ஆராய்ந்து, திறந்த வயல் விவசாயிகளே விளைச்சலைப் பெருமளவு உயர்த்தியிருந்தார்கள், வேலியடைப்பு அதற்கு மேல் சேர்த்தது குறைவு என்று வாதிட்டார். நிச்சயமாக உயர்ந்தது குத்தகை. அது யார் பைக்குப் போனது என்று சொல்லவேண்டியதில்லை.

#13 பழையஏடு

ஆலன் வாதத்துக்கும் எதிர்வாதங்கள் உண்டு. களிமண் நிலத்தைப் புல்வெளியாக மாற்றிக் கால்நடை வளர்த்தபோது வந்த லாபத்தை வெறும் குத்தகை மாற்றம் என்று சொல்ல முடியாது.

இருக்கட்டும். லாக்ஸ்டன் ஏன் தப்பியது? ஊர் மக்களின் ஒற்றுமை என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: உடைமை பிளவுபட்டிருந்தது. ஊரின் பெரும்பகுதி பியர்பான்ட் குடும்பத்திடம், அதாவது கிங்ஸ்டன் பிரபுக்கள், பிறகு மான்வர்ஸ் பிரபுக்கள். இன்னொரு கணிசமான பங்கு ரஃபோர்டு எஸ்டேட்காரர்களிடம். இரண்டு பெரிய வீடுகளும் ஒரே நேரத்தில் ஒத்துப்போய்ச் செலவு செய்ய முன்வரவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் துண்டு துண்டாகச் சில பகுதிகள் வேலியடைபட்டன. முழுசாக முடிக்க அவர்களால் முடியவில்லை. தற்செயல்தான் காப்பாற்றியது.

#14 ஏடும்ஏரும்

19-ஆம் நூற்றாண்டு வரை தற்செயல் என்று ஏற்கிறேன். அதற்குப் பிறகு நடந்தது தெரிந்து செய்த தேர்வு. ஆர்வின் தம்பதியரின் ஆய்வு வந்த பிறகு லாக்ஸ்டன் என்றால் என்ன என்பது நாடெங்கும் தெரிந்துவிட்டது. ஆறாவது மான்வர்ஸ் பிரபுவுக்குப் பட்டத்தைத் தொடர வாரிசு இல்லை. அவர் எஸ்டேட்டைச் சந்தையில் துண்டாடவில்லை. 1952-இல் விவசாய அமைச்சகம் வாங்கியது. திறந்த வயல் முறையைக் காப்பாற்றவே அரசு ஒரு கிராமத்தை வாங்கிய நிகழ்ச்சி அது. 1955-இல் அவர் இறந்ததோடு அந்தப் பட்டமும் முடிந்தது.

அந்தக் குடும்பத்துக்கு முன் ஊரை வைத்திருந்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1635 வரைபடம் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகருக்காக வரைந்தது. பார்படோஸில் ஆங்கிலேயர் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர். அதே 1635-இல்தான் கோவா, மலபார், சீனம், ஜப்பான் பக்கம் வணிகம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னர் அவர் குழுவுக்கு அனுமதி தந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கே போட்டி! மறு ஆண்டே கோர்ட்டன் இறந்தார், குடும்பம் கடனில் மூழ்கியது, லாக்ஸ்டன் பியர்பான்ட் கைக்குப் போனது. கடல்கடந்த பணத்தின் கணக்குப் புத்தகத்தில் இந்த உழவுப் பட்டைகளும் ஒரு வரியாக இருந்திருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு அந்த வரைபடம் வேறு மாதிரி தெரிகிறது.

#15 மேகலை_யூகே

கோர்ட்டன் கதை எனக்குப் புதிது, நன்றி ஐயா!

ஊரின் இன்னும் பழைய அடுக்குகளையும் சேர்த்துவிடுகிறேன். வடக்கே ஒரு கோட்டை மேடு இருக்கிறது. நார்மன் காலத்து மண்கோட்டை, மரமும் கல்லும் எல்லாம் போய் இப்போது புல் மூடிய குன்று. 1086-இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இந்த ஊர் இருக்கிறது. அப்போது ஜெஃப்ரி ஆல்சலின் என்ற நார்மன் பிரபுவிடம் இருந்தது, அதற்கு முன் டோச்சி என்பவரிடம். பிறகு வந்த கோ குடும்பமும் எவரிங்காம் குடும்பமும் ஷெர்வுட் காட்டின் காவல் பொறுப்பைப் பரம்பரையாக வைத்திருந்தார்கள். தூய மிக்கேல் தேவாலயத்தில் எவரிங்காம்களின் படுத்த நிலைச் சிலைகள் உண்டு. அவற்றில் ஒரு பெண்ணின் சிலை மரத்தால் ஆனது. நாட்டிங்காம்ஷயரில் அப்படி மிஞ்சிய இடைக்கால மரச்சிலை அது ஒன்றுதான். கல்லாலான பிரபுக்களை விட்டுவிட்டு அவர் பக்கத்தில்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

தெருவோரம் பட்டியும் இருக்கிறது: வழிதவறி வயலில் இறங்கிய மாட்டை அடைக்கும் சுற்றுச்சுவர். அபராதம் கட்டித்தான் மாட்டை மீட்க வேண்டும்.

#16 கழனிவாசன்

மாட்டை அடைக்கும் பவுண்டு! அதுவும் உண்டா. சரி, இப்போது நிலம் யாரிடம்?

#17 கறுப்புக்கோட்டு

1981-இல் அமைச்சகம் லாக்ஸ்டனைக் கிரவுன் எஸ்டேட்டிடம் கொடுத்தது. மன்னர் பெயரில் இருக்கும் சொத்துகளை நிர்வகித்து லாபத்தைக் கருவூலத்துக்குக் கட்டும் அமைப்பு அது. முறையைக் காப்போம் என்ற உறுதியோடுதான் ஏற்றுக்கொண்டது. ஆனால் லாபம் ஈட்டுவது சட்டப்படி அதன் கடமை. லாக்ஸ்டன்போல ஒரு சொத்து அந்தக் கணக்கில் என்றைக்கும் பொருந்தாது. 2020-இல் கிரவுன் எஸ்டேட் அதை தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு விற்றது. தோர்ஸ்பி என்பது மான்வர்ஸ் குடும்பத்தின் பழைய எஸ்டேட். 68 ஆண்டுகள் கழித்து ஊர் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

#18 பழையஏடு

இதுதான் என் கவலையும். அரசு வாங்கியபோது அது பொதுச்சொத்து. இப்போது மறுபடியும் ஒரு தனியார் குடும்பத்தின் விருப்பம்.

#19 ஏடும்ஏரும்

நியாயமான கவலை. என் கவலை இன்னும் கொஞ்சம் கீழே, குத்தகைக்காரர்களிடம் இருக்கிறது. உடைமை அரசிடம் இருந்தாலும் பிரபுவிடம் இருந்தாலும் ஜூரியில் உட்கார ஆள் வேண்டும். ஜூரியில் உட்கார அந்த ஊரில் வாழ்ந்து அந்தப் பட்டையை உழும் விவசாயி வேண்டும். சின்னப் பண்ணை கட்டுப்படியாகாமல் ஒருவர் வெளியேறினால் அவர் பட்டைகளைப் பக்கத்துக்காரரிடம் சேர்ப்பதுதான் எந்த எஸ்டேட்டுக்கும் எளிது. இப்படியே சேர்ந்துகொண்டு போய் மூன்று வயலும் இரண்டு பேரிடம் வந்துவிட்டால், பட்டை இருக்கும், முளை இருக்கும், ஜூரிக்கு வேலை இருக்காது. தன் எல்லையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு ஊர்மன்றம் எதற்கு?

ஆகவே புதிதாக விவசாயத்துக்கு வரும் இளம் குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய குத்தகையில், திறந்த வயலில் பட்டையும் வெளியே கொஞ்சம் வேலியிட்ட நிலமும் ஊருக்குள் ஒரு வீடும் சேர்த்துக் கொடுப்பதுதான் லாக்ஸ்டனைக் காக்கும் வழி. விளக்கப்பலகைகளுக்குச் செலவிடுவதில் பாதியை அந்தக் குத்தகைக் குறைப்புக்குச் செலவிட்டால் போதும் என்பது என் கட்சி.

#20 கழனிவாசன்

இதில் நான் உங்கள் பக்கம். ஆள் இல்லாத வயலுக்கு எந்தக் கோர்ட்டும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மூன்றாவது வயல் தரிசு என்றீர்கள். முழுசாகச் சும்மா போடுகிறார்களா?

#21 ஏடும்ஏரும்

முன்பு சும்மாதான். ஆடுமாடு மேயும், கோடையில் ஓரிரு உழவு போட்டுக் களையை வெயிலில் காயவிடுவார்கள். இப்போது தீவனப்புல் போடவும் வழியுண்டு. அதை அறுத்த பிறகு இலையுதிர் காலத்தில் கோதுமை விதைப்பு. அது முளைத்து நிற்கும்போதுதான் நவம்பரில் ஜூரி அந்த வயலுக்குள் இறங்கும்.

#22 மேகலை_யூகே

நேரில் போக நினைப்பவர்களுக்கு: விடுதிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய விளக்க மையம் உண்டு. பொதுப்பாதைகளில் மூன்று வயலையும் சுற்றலாம். கோட்டை மேட்டிலும் ஏறலாம். பூ பார்க்க ஜூன், முளை அடித்த பட்டைகளைப் பார்க்க டிசம்பர். டிசம்பரில் அந்தச் சிவப்புக் களிமண் காலைவிட்டு இறங்காது, நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். விதைத்த பட்டைக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள்.